துருவை எடுங்கள், தோலை உரிக்காதீர்கள்

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பட்டறைத் தெருக்களில் கிரைண்டர் சத்தம் கூடிவிடுகிறது. மைசூர் அரண்மனையில் மகாநவமியன்று பட்டத்துக் கத்திக்கும் அரச ஆயுதங்களுக்கும் பூஜை நடக்கும். அதே நாளில் மைசூர்ப் பக்கத்து ஊர்களிலும், எல்லைக்கு இந்தப் பக்கம் சத்தியமங்கலம் தொடங்கிச் சேலம், மதுரை வரையிலும், வீட்டிலுள்ள இரும்பெல்லாம் பரணிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் இறங்கித் திண்ணைக்கு வந்துவிடும். கதிர் அரிவாள், கொடுவாள், களைக்கொத்து, கடப்பாரை, தாத்தா விட்டுப்போன உளிகள், இழைப்புளி, பிடி கழன்ற சுத்தியல், தாடை இறுகிப்போன வைஸ். அவற்றை வெள்ளி போல மின்னும்வரை தேய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக நிறுத்தினால்தான் கருவிக்கு மரியாதை செய்ததாக ஆகும் என்று ஊரே நம்புகிறது. தேய்க்கப் புளியும் செங்கல் பொடியும் போதாத இடத்தில் உப்புத்தாள் வருகிறது. உப்புத்தாள் போதாத இடத்தில் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரும் ஆசிட் வாளியும் வருகின்றன.

கருவிக்கு மரியாதை வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. அந்த மரியாதை பளபளப்பில் இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன். நம் வீடுகளில் நல்ல பழைய கருவிகள் துருவால் அழிவதைவிட, துருவை எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு செய்யும் வேலையால்தான் வேகமாக அழிகின்றன.

இந்த நம்பிக்கைக்கு அண்மையில் புது வலிமை கிடைத்திருக்கிறது. செங்கட்டியாகக் கிடந்த கோடாரியை ஒருவர் அமிலத்தில் போடுகிறார், வெளியே எடுத்துக் கிரைண்டரில் காட்டுகிறார், மெருகுச் சக்கரத்தில் பிடிக்கிறார், பத்து நிமிடத்தில் அதில் முகம் பார்க்கலாம். கைப்பேசியில் இதைக் கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள். மனதுக்கு இதமான காட்சி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடாரி அதன்பின் எத்தனை மரம் வெட்டியது என்பதை யாரும் காட்டுவதில்லை. காட்சி முடியும் இடத்தில்தான் கருவியின் வேலை தொடங்க வேண்டும்.

துரு ஒரு நோய், ஒரு புள்ளி மிச்சம் இருந்தாலும் முழுக்கப் பரவிவிடும், ஆகவே வேரோடு எடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். துருவுக்கு வேர் கிடையாது. இரும்போடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் விரைவாக உண்டாகிறது. ஈரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இரும்பின் மேல் படிந்திருப்பதெல்லாம் ஒரே சரக்கும் இல்லை. செந்துரு பொரபொரப்பானது. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும், செதில் செதிலாக எழும்பும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை எடுக்கத்தான் வேண்டும். அதற்குக் கீழே, அல்லது அது இல்லாத இடங்களில், கருமையாகவோ அடர் பழுப்பாகவோ ஒரு படலம் இரும்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் பெரும்பகுதி மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடு. உலையிலிருந்து வந்தபோதே படிந்த கருஞ்செதில், பல வருட எண்ணெய், கைபட்ட மெழுகு எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். அது அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. கருவியின் தோல் அதுதான்.

இரண்டையும் பிரித்தறிய ஆய்வகம் வேண்டாம். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி சிவந்தால் அங்கே துரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. துணியில் லேசான கறுப்போ பழுப்போ மட்டும் பட்டு, அடுத்த துடைப்பில் அதுவும் குறைந்தால், அந்தப் பரப்பு அடங்கிவிட்டது. அடங்கிய பரப்பைச் சுரண்டி எடுப்பதால் கருவிக்கு எந்த லாபமும் இல்லை. நஷ்டம் உண்டு. சுரண்டி எடுத்த இடத்தில் வெறும் இரும்பு காற்றுக்குத் திறந்து கிடக்கும். ஐப்பசி அடைமழையில் அப்படிப்பட்ட இரும்பு ஓர் இரவிலேயே செந்நிறம் பூசிக்கொள்ளும். கண்ணாடி போல மெருகேற்றிய எஃகு கரடுமுரடான எஃகைவிட மெதுவாகத் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கம்பி பிரஷும் முரட்டு உப்புத்தாளும் தருவது அந்த மெருகை அல்ல. வெளிச்சத்தில் மின்னும் ஆயிரம் கீறல்களைத்தான் தருகின்றன. ஒவ்வொரு கீறலும் ஈரம் தங்கும் வாய்க்கால்.

இரும்பின் தோலைப் பற்றிப் பேசும்போது தில்லி இரும்புத் தூணைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சுமார் 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அந்தத் தூண் குப்தர் காலத்திலிருந்து வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அது துருப்பிடிக்காத இரும்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் பல ஆண்டுகள் அதை ஆராய்ந்து காட்டியது வேறு. அது துருப்பிடித்த இரும்புதான். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அதனால் தொடக்கத்தில் படிந்த துருவே மெல்லிய, இறுகிய படலமாகி அடியிலுள்ள உலோகத்தைக் காத்துவருகிறது. மக்கள் முதுகைச் சாய்த்து இரு கைகளாலும் கட்டிப் பிடித்துப் பிடித்து, கைபடும் உயரத்தில் அந்தப் படலம் தேய்ந்து நிறம் மாறியது. 1997-ல் சுற்றிலும் வேலி போட்டார்கள். நம் வீட்டு உளியில் அந்த அளவு பாஸ்பரஸ் கிடையாது, அதன் படலம் எண்ணெய் இல்லாமல் தனியாக நின்று காக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எண்ணெயோடு சேர்ந்து காக்கும். அந்தத் தூணை யாராவது பளபளப்பாக்க நினைத்திருந்தால் இன்று நமக்குக் காட்ட என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனிக் கிரைண்டருக்கு வருகிறேன். என் கோபம் அதிகம் இங்கேதான்.

ஓர் உளியின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. கொல்லர் எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். அப்போது அது கண்ணாடி போலக் கடினமாகிறது, கண்ணாடி போலவே நொறுங்கவும் கூடியதாகிறது. அதை அப்படியே விட்டால் முதல் அடியிலேயே வாய் பெயர்ந்துவிடும். அதனால் மறுபடியும் மிதமாகச் சூடேற்றிக் கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குகிறார். வெப்பமானி இல்லாத காலத்திலும் அவருக்கு அளவு தெரிந்திருந்தது. தேய்த்து வெளுத்த எஃகைச் சூடாக்கினால் அதன் முகத்தில் நிறங்கள் ஓடும். ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 250-ஐத் தாண்டிப் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். மர உளிக்கு மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையில் நிறுத்திவிடுவார்கள். ஸ்பிரிங்குக்குத்தான் நீலம் வரை விடுவார்கள்.

கை கிரைண்டரின் வட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. உளியின் வாய் தாள் போல மெலிந்த இடம். அங்கே பிறக்கும் சூடு ஓடி ஒளிய உடம்பு இல்லை. சில நொடிகளில் அது 300 டிகிரியைத் தாண்டும். வாயோரத்தில் ஒரு நீலக் கோடு தெரியும். அந்த நீலத்தை அடுத்த உரசலில் தேய்த்து எடுத்துவிடலாம். நிறம் போகும், போன பதம் திரும்பாது. அதன்பின் அந்த உளி காலையில் சாணை பிடித்தால் மதியத்துக்குள் மழுங்கும். தச்சர் பழைய இரும்பைக் குறை சொல்லிவிட்டுப் புது உளி வாங்கப் போவார். இரும்பு குற்றமற்றது. கொல்லர் உலையடியில் நின்று நிறம் பார்த்துப் பிடித்து வைத்த ஒன்றை நாம் ஐந்து நொடியில் எரித்துவிட்டோம். அப்படி எரிந்த வாயைச் சரிசெய்ய இரண்டே வழி. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தண்ணீரில் நனைத்து நனைத்துக் கல்லில் தேய்த்து ஒழித்துவிட்டுப் பின்னால் உள்ள நல்ல எஃகுக்குப் போவது ஒன்று. இல்லையென்றால் மீண்டும் உலைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சித் தோய்த்துப் பதம் போடுவது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பழைய வெட்டுக்கருவிகள் பலவும் முழுக்க எஃகால் ஆனவை அல்ல. 1800-1801-ல் மைசூர் நாட்டைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், அங்கே இரும்பு உருக்கிய உலைகளையும் மண் மூசைகளில் எஃகு காய்ச்சிய முறையையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் எஃகு அருமையான சரக்கு. அதனால் உடம்புக்கு மென்மையான இரும்பு, வாய்க்கு மட்டும் எஃகு என்று இரண்டையும் உலையில் சேர்த்து அடித்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து கப்பலில் வந்து நம் தச்சர்கள் கையில் புழங்கிய பழைய உளிகளிலும் இழைப்புளி அலகுகளிலும் இதே அமைப்பு உண்டு. உற்றுப் பார்த்தால் பக்கவாட்டில் எஃகும் இரும்பும் சேரும் கோடு தெரியும். எஃகின் தடிமன் சில இடங்களில் நகக்கண் அளவுதான். முதுகுப் பக்கத்துத் துருப் பள்ளங்களை ஒழிக்கிறேன் என்று கிரைண்டரை அங்கே வைத்தால், தேய்ந்து போவது அந்த மெல்லிய எஃகு. மிஞ்சுவது மின்னுகிற, வெட்டாத இரும்பு.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உளியின் முதுகு தட்டையாக இருக்க வேண்டும். இழைப்புளியின் அடி தட்டையாக இருக்க வேண்டும். ஸ்பேனரின் வாய் நட்டைக் கச்சிதமாகக் கவ்வ வேண்டும். மூலைமட்டத்தின் இரு கைகளும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். கிரைண்டரும் மெருகுச் சக்கரமும் ஓரங்களை உருட்டும், நடுவில் குழி போடும். ஒரு மூலைமட்டம் இம்மியளவு கோணம் மாறிவிட்டால் அது பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் செய்கிற ஜன்னல் சட்டமெல்லாம் கோணலாகும். அரத்தின் பல்லோரம் கம்பிச் சக்கரத்தில் மழுங்கினால் அது அரம் என்னும் பெயரை இழந்துவிடும். பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது: செய்தவரின் முத்திரை, கொல்லர் வெட்டிய அடையாளக் கோடு, வாங்கியவர் புள்ளிகுத்திப் போட்ட தன் பெயரின் முதல் எழுத்து எல்லாம் இரும்பின் மேல்தோலில் மயிரிழை ஆழத்தில்தான் இருக்கின்றன. ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை கைமாறிய உளிக்கு அதைத் தவிர வேறு ஆவணம் கிடையாது. கம்பிச் சக்கரம் ஒரே ஓட்டத்தில் அதை அழித்துவிடும்.

ஆசிட்டின் கதை இதைவிட மோசம். வீட்டில் எளிதில் கிடைப்பது கழிவறை கழுவும் திரவம். அதிலும் கடைகளில் விற்கும் மலிவான ஆசிட்டிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை அது கரைக்கும். துரு தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளாது, நல்ல இரும்பையும் கரைக்கத் தொடங்கும். வாளியில் எழும் குமிழிகளைத் துரு போவதன் அடையாளமாக நினைக்கிறார்கள். இரும்பு கரையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் அது. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி எஃகுக்குள்ளேயும் நுழையும். கடினப்படுத்திய எஃகு, அதாவது ரம்ப அலகு, ஸ்பிரிங், உளி, அரம் ஆகியவை ஹைட்ரஜன் ஏறினால் நொறுங்கும் தன்மையை அடையும். வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் ஒரு நாள் திடீரென முறியும். முலாம் பூசும் தொழிற்சாலைகளில் இதை நன்றாக அறிவார்கள். அமிலத்தில் கழுவிய கடின எஃகை உடனே 200 டிகிரி அளவில் மணிக்கணக்காகச் சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றிவிடுவார்கள். திண்ணையில் வாளி வைத்திருப்பவர் அதைச் செய்வதில்லை.

அமிலம் போனபின்னும் எஞ்சியிருப்பது அதிலுள்ள குளோரைடு. எவ்வளவு கழுவினாலும் துருப் பள்ளங்களின் அடியில் அது தங்கிவிடும். கடற்கரை ஊரில் இரும்பு ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறதோ அதே காரணத்தை நாமே காசு கொடுத்து வாங்கிக் கருவிக்குள் ஊற்றிவைக்கிறோம். பூஜை முடிந்து சரஸ்வதி படத்தைச் சுவரில் மாட்டுவதற்குள் அந்தப் பள்ளங்களில் ஆரஞ்சு நிறத் துளிகள் அரும்பும். வாளியிலிருந்து எழும் ஆவியோ அதே அறையில் மாட்டியிருக்கும் மற்ற நல்ல கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் திரவத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் நச்சு வாயு வெளிவரும். ஆளுக்கே ஆபத்து.

நம்மிடம் இதற்கு மாற்றாக ஓர் அறிவுமரபு இல்லையா? இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் பச்சை படர்ந்து அரித்துக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம். எஸ். பரமசிவன் போன்ற வேதியியலாளர்கள் அங்கே மின்பகுப்பு முறையில் அரிப்பை நிறுத்தினார்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899-க்குப் பின் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மண்ணில் கிடந்த தொல்லிரும்பில் பல நேரம் உலோகமே மிச்சம் இருக்காது. கருவியின் வடிவத்தைத் தாங்கி நிற்பது துருதான். பிடியாக இருந்த மரத்தின் ரேகையும் சுற்றியிருந்த துணியின் நெசவும்கூட அந்தத் துருவில் பதிந்திருப்பது உலகெங்கும் தொல்லியலாளர்கள் கண்டது. துருவை எல்லாம் நீக்கினால் பொருளே போய்விடும். அதனால் பாதுகாப்பு வல்லுநர் முதலில் பொருளை அரிக்கும் உப்பை வெளியேற்றுகிறார். எழும்பி உதிர்வதை மட்டும் எடுக்கிறார். மிச்சத்தை நிலைப்படுத்துகிறார். எதைச் செய்தாலும் குறைவாகச் செய்கிறார்.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. சிவகளை அகழாய்வில் இரும்போடு கிடைத்த மாதிரிகள் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன என்று அதில் சொல்லப்பட்டது. நாமெல்லாம் பெருமைப்பட்டோம், படவேண்டியதுதான். அந்தப் பெருமையில் ஒரு துளியாவது நம் பரணில் கிடக்கும் கொடுவாளுக்கும் சேர வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஐயாயிரம் ஆண்டுக் கொல்லர் மரபு தொல்லியல் குழிக்குள் மட்டும் இல்லை. அதன் கடைசிக் கண்ணிகள் நம் திண்ணையில் ஆசிட் வாளிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அருங்காட்சியகப் பொருளுக்குச் சரி, என் உளி நாளைக்குக் கதவு செய்யப் போக வேண்டியது, அதற்கு எதற்கு இத்தனை பக்குவம் என்று தச்சர் கேட்பார். என் வாதம் அவருக்காகத்தான். காட்சிக்கு வைக்கும் கோடாரியின் பதம் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. வேலைக்குப் போகும் உளியின் பதம் போனால் கூலி போகிறது. வேலைக்கு வேண்டிய பளபளப்பு உளியில் இரண்டே இடத்தில்தான்: வாய்ச்சரிவிலும், வாயை ஒட்டிய முதுகிலும். அந்த இரண்டு பரப்பையும் தீட்டுக்கல்லில் கண்ணாடியாக்குங்கள், நான் கைதட்டுவேன். மேலே உள்ள கருத்த உடம்பு மரத்தைத் தொடுவதே இல்லை. அதைத் தேய்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை வாய்க்குக் கொடுத்தால் போதும்.

நேரம் இல்லை, ஆசிட்தான் மலிவு என்று சொல்வதும் கணக்கில் நிற்காது. எனக்குத் தெரிந்த நல்ல முறை எல்லாவற்றிலும் மலிவானது, பெரும்பகுதி கருவி தானாக ஊறிக்கொண்டிருக்கும் நேரம். மண்ணும் பழைய பிசுக்கும் போகச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். மரப்பிடியை மட்டும் நீரில் ஊறவிடக் கூடாது. ஊறிப் பருத்த மரம் காயும்போது சுருங்கிக் கழன்றுவிடும். பிறகு துருவின் மேல் மண்ணெண்ணெய் அல்லது மெல்லிய மெஷின் ஆயில் பூசி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் பித்தளை பிரஷால் தேய்த்தால் செந்துருவில் பெரும்பகுதி சேறாகி வந்துவிடும். பித்தளை எஃகைவிட மெத்தென்றது. துருவை எடுக்கும், இரும்பைக் கீறாது. மேடாகக் கெட்டித்த செதிலைப் பழைய பித்தளைத் தகட்டால் நெம்பலாம். மிஞ்சிய இடத்தில் மிக மெல்லிய எஃகு நாரை எண்ணெயில் தோய்த்து, கை அழுத்தம் மட்டும் கொடுத்து, கருவியின் நீளவாக்கில் தேய்த்தால் போதும். முத்திரை இருக்கும் இடத்தில் துணியைத் தவிர எதையும் பயன்படுத்த வேண்டாம்.

இறுகிப்போன வைஸ், கனமான சுத்தியல் தலை, பட்டறை இரும்பு போன்றவை ஆழமாகத் துருப்பிடித்திருந்தால் எழும்பூரில் பயன்பட்ட மின்பகுப்பையே வீட்டு அளவில் செய்யலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கருவியை எதிர்முனையிலும் வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் கட்ட வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனைகள் மாறினால் கருவி கரைந்துபோகும். நேர்முனையில் எவர்சில்வர் தகடு வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், கம்பியைத் தொடுவதற்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். செந்துரு கறுத்துத் தளர்ந்து பிரஷில் உதிரும். நல்ல இரும்பில் கை வைக்காது. இங்கும் ஹைட்ரஜன் எஃகுக்குள் போகும் என்பதால் ரம்பம், ஸ்பிரிங், மெல்லிய அலகுகளை இதில் போட நான் சொல்லமாட்டேன். கடலோர ஊர்களில் உப்பு ஏறிய கருவிக்குச் சலவை சோடா கலந்த நீரை அடிக்கடி மாற்றி ஊறவைத்தபின், நன்றாகக் காயவைத்து எண்ணெய் இடுவது அவசியம். அங்கே வெறும் எண்ணெய்த் துடைப்பு போதாது.

பழைய வண்ணப்பூச்சு உள்ள வைஸ், இழைப்புளிகளில் ஈயம் இருக்கலாம். அதைச் சக்கரத்தில் கொடுத்துத் தூளாக்கிச் சுவாசிப்பதைவிட அப்படியே விட்டுவிடுவது நல்லது.

நம் கையிலேயே உள்ள இன்னொரு பொருளை நாம் மறந்துவிட்டோம். கடுக்காய். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதே கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்வதால்தான். அதே சேர்க்கை கருவியின் மேலும் நடக்கும். கடுக்காய்த் தோலைக் கொதிக்கவைத்த சாற்றைத் துரு நீக்கிய இரும்பில் மெல்லப் பூசினால் மிச்சமிருக்கும் துரு நீலக்கறுப்புப் படலமாக மாறி அடங்கும். உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் இரும்புக்குப் பூசும் டானிக் அமிலமும் இதே குடும்பத்துச் சரக்குதான். வாயோரத்தில் பூச வேண்டாம். கடப்பாரை, கொடுவாள் உடம்பு, வைஸ் போன்றவற்றில் பூசி, காய்ந்தபின் எண்ணெய் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைக் கூட்டும். மெல்லிய மெஷின் ஆயில் நல்லது. மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய். அது தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பற்றும், ஆகவே விரித்துக் காயவிட வேண்டும்.

பூஜையில் சந்தனம் வைப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஈரச் சந்தனமும் குங்குமமும் வெறும் எஃகின் மேல் விஜயதசமி வரை இருந்தால் அந்தப் பொட்டின் வட்டம் துருவாகப் பதிந்துவிடும். முதல் நாளே கருவிக்கு எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பொட்டை மரப்பிடியில் வைத்தால் தேவிக்கு எந்தக் குறையும் இல்லை.

கிரைண்டரே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அடித்து அடித்துத் தலை குடை போல விரிந்த இரும்பு உளியின் விளிம்புகளைத் தேய்த்து ஒழித்தே ஆக வேண்டும். அடுத்த அடியில் அந்தச் சில்லு பெயர்ந்து கண்ணில் பாயும். ஆள் கண்ணைவிடக் கருவியின் பழமை பெரிதில்லை. வாயிலேயே துருப் பள்ளம் விழுந்த உளியையும் பள்ளம் தாண்டும்வரை பின்னுக்குத் தேய்க்கத்தான் வேண்டும். அதைக் கைச்சாணையிலோ கல்லிலோ, இரும்பு விரலுக்குச் சுடும்போதெல்லாம் தண்ணீரில் முக்கிக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவே. விரிசல் விட்ட சுத்தியல் தலையை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது. நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் செத்த ஒலி வரும். சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி பூசிப் பாருங்கள், விரிசலில் ஊறிய எண்ணெய் வெள்ளையின் மேல் கோடாக எழும்பும். அப்படிப்பட்ட தலையைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதற்கு முன் ஊரில் உலை வைத்திருக்கும் கொல்லர் யாராவது மிச்சமிருக்கிறாரா என்று விசாரியுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடித்துத் தருபவருக்கு அந்த எஃகில் விரிசலுக்கு இப்பால் உள்ள பகுதியை வெட்டி ஒரு களைக்கொத்தோ கல் உடைக்கும் உளியோ அடித்துத் தரத் தெரியும். எடைக்குப் போட்டு வரும் காசைவிட அவருக்குக் கொடுக்கும் கூலி கூடுதலாகத்தான் ஆகும். கொடுங்கள்.